தவறினாலும் ஒன்று

காவேரிப்பட்டணம். மாம்பழ மண்டிக்குப் பின்னால்
மாடியில் ஒற்றை அறை.
இங்கே விடியற்காலை மூன்றரை என்றால்
மெல்போர்னில் எட்டு.
ஹெட்போனை மாட்டுகிறேன்.
ஏழு பயிற்சியாளர்கள் ஒவ்வொருவராக வந்து
நாற்காலி இழுக்கும் சத்தம்.
எட்டாவது ஆள் நான்.
இழுக்க எனக்கு அங்கே நாற்காலி இல்லை.

தடுப்புக்கு டேமியன், தொண்டையில் ஓயாத சளி.
முன்களத்துக்கு இயன்,
பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் போடுபவர்.
நடுக்களத்துக்குப் புதிதாக வந்தவன்
எந்த வாக்கியத்தையும் முடிப்பதில்லை.
தலைமைப் பயிற்சியாளர் ஹாலோரன்
கடைசியில்தான் பேசுவார்.
அதற்கு முன் மூக்கால் ஒரு மூச்சு.
அந்த மூச்சின் நீளத்தில்
யாரை அணியிலிருந்து எடுக்கப்போகிறார் என்று
எனக்குத் தெரிந்துவிடும்.

முனிலட்சுமியை அவர்கள்
'மூனி'யோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வேலை இதுதான்:
முட்டை வடிவ மைதானம், முப்பத்தாறு பேர்,
ஒவ்வொரு செயலுக்கும் ஒரு விசை.
உதைத்தால் ஒன்று, முஷ்டியால் குத்திக் கொடுத்தால் ஒன்று,
தோள்மேல் ஏறிப் பிடித்தால் ஒன்று,
இடுப்பைக் கட்டிச் சாய்த்தால் ஒன்று.
பதினேழாம் எண்காரன் ஈரப் புல்லில்
எத்தனை முறை வழுக்குவான் என்பது
அவனைப் பெற்றவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.
அந்தப் பந்தை மட்டும் நான் தொட்டதில்லை.

கூழ் ஆலையில் இரவுப் பணி முடித்து வந்த அண்ணன் திம்மராயன்
ஒரு பெங்களூராவை உள்ளங்கையில் உருட்டிக் கேட்டான்:
"இந்தமாதிரியா இருக்கும்?"
"இதைவிடக் கொஞ்சம் ஒழுங்கா."
நான்கு கம்பங்களைக் காற்றில் வரைந்து காட்டினேன்.
நடுவில் போனால் ஆறு.
தவறி ஓரத்தில் போனாலும் ஒன்று.
"தவறினா ஒண்ணா?" கொட்டையைச் சப்பிக்கொண்டே சிரித்தான்.
"அப்ப நான் பத்தாவது பாஸுடி."

ஒருமுறை கூட்டத்தின் நடுவே
கீழே பால் வண்டி ஹார்ன் அடித்தது.
என் மைக் திறந்திருந்தது.
எல்லோரும் அடங்கினார்கள்.
ஹாலோரன் கேட்டார்: "அது என்ன மூனி?"
பால் என்றேன்.
அன்றிலிருந்து ஒவ்வொரு திங்களும்
"பால் வந்துவிட்டதா?" என்ற பிறகுதான்
பலகையில் முதல் காந்தத்தை நகர்த்துவார்.
தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றபோதும் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை நிர்வாகிகள் கூடினார்கள்.
சனிக்கிழமை ஆட்டம் அவருக்குக் கடைசி என்று
அறிக்கை இரண்டே பத்தி.
டேமியன் இருமவில்லை.
மூடி கழலும் சத்தம் மட்டும் கொஞ்சம் வேகமாக.

சனிக்கிழமை காலை ஒன்பதேகால்.
கீழே மண்டியில் ஏலம்,
கிலோ ஆறு ரூபாய்க்குமேல் எவரும் ஏறவில்லை.
காதுக்குள் நாற்பதாயிரம் தொண்டைகள்.
திரையின் மூலையில் சின்னக் கட்டம்:
கண்ணாடிக் கூண்டுக்குள் பயிற்சியாளர்கள்,
எல்லோரும் பாதி முதுகாக.

கடைசிக் கால்பகுதியில் பதினேழாம் எண்காரன் உதைத்த பந்து
ஓரக் கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது.
ஒன்று.
நான்கு புள்ளியில் தோல்வி.
சங்கு ஊதியது. என் விரல்கள்
முப்பத்தாறு பேரையும் விட்டு நின்றன.

கூண்டுக்குள் ஒருவரும் எழவில்லை.
ஹாலோரன் ஹெட்போனைக் கழற்றினார்.
மேசையைக் குத்தவில்லை.
ஒயரை நான்கு விரலில் சுற்றிச் சுற்றி,
சிக்கில்லாமல் முடிச்சிட்டு,
அடுத்து உட்காரப் போகிறவனுக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.

பயிற்சியாளருக்கு விசை கிடையாது.
அவர் தண்ணீர் குடிப்பதை, தலை குனிவதை
யாரும் எண்ணச் சொன்னதில்லை.
விசைப்பலகையின் வலது ஓரத்தில்
பெயரிடாத ஒன்று சும்மா கிடந்தது.
அழுத்தினேன்.

திங்கள் மூன்றரைக்குப் புதியவர் நேராக எண்களுக்குப் போனார்.
பால் வண்டி வந்து அடித்துவிட்டுப் போனது.
என் மைக் மூடியிருந்தது.

மதியம் ஒரு மின்னஞ்சல்:
ஆட்டம் முடிந்தபின் ஒரு பதிவு இருக்கிறதே,
வீரர் எண் இல்லை, செயல் இல்லை,
இது என்ன?

தவறு என்று பதில் எழுதினேன்.
அழிக்கவில்லை.